மூன்றே நாளில் 46-வது இடத்திலிருந்து 2-வது இடம்: கோவைக்கு மார்க் போடுவது யார், எதற்கு?

2021 நவம்பர் 20-ம் தேதி மத்திய அரசின் ‘ஸ்வச் சர்வேக்‌ஷன்’ தூய்மை நகரங்கள் பட்டியல் வெளியானது. பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட 48 நகரங்களில் கோவைக்குக் கிடைத்தது 46-வது இடம். அதாவது, கோவைக்குக் கீழே இருந்தவை இரண்டே இரண்டு நகரங்கள்.

மூன்று நாள் கழித்து, நவம்பர் 23-ம் தேதி, நிதி ஆயோக் இன்னொரு பட்டியலை வெளியிட்டது. நீடித்த வளர்ச்சி இலக்குகளில் இந்திய நகரங்கள் எங்கே நிற்கின்றன என்று சொல்லும் பட்டியல் அது. 56 நகரங்களில் சிம்லாவுக்கு முதலிடம். 73.29 மதிப்பெண்ணுடன் இரண்டாமிடம் கோவைக்கு.

அதே ஆண்டு மார்ச் மாதம் மூன்றாவதாக ஒரு பட்டியல் வந்திருந்தது. மத்திய வீட்டுவசதி மற்றும் நகர்ப்புற விவகாரங்கள் அமைச்சகத்தின் ‘ஈஸ் ஆஃப் லிவிங்’, அதாவது எளிதாக வாழத் தகுந்த நகரங்களின் குறியீடு. அதில் 49 பெருநகரங்களில் கோவைக்கு 7-வது இடம்.

ஒரே ஊர், ஒரே ஆண்டு. ஒரு லிஸ்ட்டில் கடைசி பெஞ்ச், ஒன்றில் முதல் பெஞ்ச், இன்னொன்றில் அதற்குச் சற்றுப் பின்னால். அப்போ எதுதாங்க உண்மை?

மூன்றுமே உண்மைதான். ஏதோ ஒரு பட்டியல் பொய் சொல்கிறது என்று நினைத்தால் அங்கேதான் தப்பு. ஒவ்வொன்றும் வேறு கேள்வித்தாள், வேறு வினா, வேறு மதிப்பெண் முறை. கணக்குப் பரீட்சையில் 46-வதாக வந்தவர் வரலாற்றுப் பரீட்சையில் இரண்டாவதாக வரலாம். பிரச்சினை எங்கே ஆரம்பிக்கிறது என்றால், அந்த ஒற்றை எண்ணை எடுத்து ‘இந்த ஊர் வாழ நல்ல ஊர்’ என்றோ ‘இந்த ஊர் தேறாது’ என்றோ முடிவு கட்டும்போதுதான்.

எந்த லிஸ்ட் எதை அளக்கிறது?

முதலில் தூய்மைப் பட்டியல். 2021-ல் இதற்கு மொத்தம் 6,000 மதிப்பெண். அதில் 2,400 குப்பை சேகரிப்பு, தரம் பிரிப்பு, அகற்றல் போன்ற சேவைகளுக்கு. 1,800 சான்றிதழ்களுக்கு: திறந்தவெளிக் கழிப்பிடம் இல்லாத நகரம், குப்பையில்லா நகரம் என்று வாங்கும் சான்றுகள். மீதி 1,800 மக்களின் கருத்துக்கு. ஆக, பெரும்பகுதி மதிப்பெண் மாநகராட்சி என்ன செய்தது, செய்ததை எப்படி ஆவணப்படுத்தியது, எந்தச் சான்றிதழை வாங்கியது என்பதைப் பொறுத்தது.

நிதி ஆயோக்கின் குறியீடு வேறு ரகம். வறுமை, கல்வி, சுகாதாரம், பாலின சமத்துவம், குடிநீர், வேலைவாய்ப்பு என 77 அளவுகோல்கள். இங்கே குப்பை ஒரு சின்னப் பகுதி மட்டும். பெண்களின் படிப்பு, குழந்தைகளின் ஆரோக்கியம், மின் இணைப்பு போன்றவற்றில் தமிழ்நாட்டு நகரங்கள் ஏற்கெனவே முன்னணியில் இருப்பவை. அந்த அடித்தளம் பல பத்தாண்டுகளாகப் போடப்பட்டது. கோவை இரண்டாமிடம் பிடித்ததில் மாநகராட்சிக்கு இருக்கும் பங்கைவிட, சத்துணவுக் கூடத்துக்கும் அரசுப் பள்ளிக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் இருக்கும் பங்கு அதிகம்.

மூன்றாவதான ‘ஈஸ் ஆஃப் லிவிங்’ நான்கு தூண்களில் நிற்கிறது. வாழ்க்கைத் தரத்துக்கு 35 சதவீதம், பொருளாதாரத் திறனுக்கு 15, நிலைத்தன்மைக்கு 20, மக்கள் கருத்துக்கு 30. 111 நகரங்களில் 32.2 லட்சம் பேர் கருத்துக் கணிப்பில் கலந்துகொண்டார்கள்.

இதில் முதலிடம் யாருக்கு? பெங்களூருவுக்கு. சில்க் போர்டு சந்திப்பில் முக்கால் மணி நேரம் நின்றுவிட்டு வரும் ஐ.டி. ஊழியரிடம் ‘நாட்டிலேயே எளிதாக வாழத் தகுந்த ஊர் உங்களோடதுதான்’ என்று சொல்லிப் பாருங்கள். சிரிப்பார், அல்லது அடிக்க வருவார். ஆனால் கணக்கில் பிழை கிடையாது. பொருளாதாரத் திறன் என்ற தூணில் பெங்களூரு 78.82 எடுத்து மற்ற எல்லா நகரங்களையும் வெகுதூரம் பின்னுக்குத் தள்ளியது. ‘வாழ்க்கைத் தரம்’ என்ற தூணை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தால் முதலிடம் சென்னைக்கு, இரண்டாமிடம் கோவைக்கு.

எந்தத் தூணுக்கு எத்தனை சதவீதம் என்பதை முடிவு செய்தது யார்? பட்டியல் போட்டவர்கள். பொருளாதாரத்துக்கு 15-க்குப் பதில் 5 சதவீதம் கொடுத்திருந்தால் வரிசை மாறியிருக்கும். வேலை தேடும் 23 வயதுப் பட்டதாரிக்கு பொருளாதாரம்தான் 80 சதவீதம். மூட்டு வலியோடு நடக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியருக்கு நடைபாதைதான் 80 சதவீதம். எல்லோருக்கும் பொதுவான ஒரு எடைக்கல் இல்லை. இருப்பது போலத் தோன்ற வைப்பதுதான் தரவரிசையின் வேலை.

25-லிருந்து 7: ஏறியது ஊரா, கணக்கா?

இந்தக் குறியீடு முதன்முதலில் 2018 ஆகஸ்ட்டில் வெளியானபோது கோவை 25-வது இடத்தில் இருந்தது. திருச்சி 12, சென்னை 14. அடுத்த பட்டியலில் கோவை 7-வது இடத்துக்கு வந்தது. இரண்டரை ஆண்டில் 18 இடம் முன்னேற்றம் என்றால் பெரிய விஷயம்தானே?

கொஞ்சம் பொறுங்கள். 2018-ல் 111 நகரங்களும் ஒரே வரிசையில் நின்றன. அடுத்த முறை பத்து லட்சத்துக்கு மேல், கீழ் என்று இரண்டாகப் பிரித்துவிட்டார்கள். 2018-ல் கோவைக்கு முன்னால் நின்ற திருப்பதி, கரீம்நகர், திருச்சி போன்ற நடுத்தர நகரங்கள் 2021-ல் வேறு வரிசைக்குப் போய்விட்டன. சேலம்கூட அந்தச் சின்ன நகரங்களின் வரிசையில்தான் 5-வது இடம் பிடித்தது. தவிர, 2018-ல் மக்கள் கருத்துக் கணிப்பே கிடையாது. இரண்டாவது முறை அதற்கு 30 சதவீத எடை. தூண்களும் மாறின, அளவுகோல்களும் மாறின.

போட்டியாளர்கள் வேறு, கேள்விகள் வேறு, மதிப்பெண் முறை வேறு. இந்த நிலையில் ‘18 இடம் முன்னேறினோம்’ என்று சொல்வதற்கு எந்த அடிப்படையும் இல்லை. கோவை முன்னேறியிருக்கலாம். ஆனால் அதை இந்த இரண்டு எண்களை வைத்து நிரூபிக்க முடியாது.

இன்னொரு விஷயம், இடைவெளி. 7-வது இடத்தில் இருந்த கோவையின் மதிப்பெண் 59.72. 10-வது இடத்தில் இருந்த மும்பையின் மதிப்பெண் 58.23. வித்தியாசம் ஒன்றரைக்கும் குறைவு. நூற்றுக்கு ஒன்றரை மார்க் வித்தியாசத்தில் மூன்று ரேங்க் மாறிவிடுகிறது. நாட்டிலேயே சுத்தமான நகரம் என்று ஆண்டுதோறும் பரிசு வாங்கும் இந்தோர், இந்த வரிசையில் கோவைக்குக் கீழே 9-வது இடத்தில் 58.58 மதிப்பெண்ணுடன் இருந்தது. தலைப்புச் செய்தியில் மதிப்பெண் வராது, ரேங்க்தான் வரும்.

42, 182, 28: ஒரு குட்டிக் கணக்கு

தூய்மைப் பட்டியலில் இன்னும் வேடிக்கை. 2022-ல் கோவைக்கு 42-வது இடம். 2023-ல் 182-வது இடம். ‘அடடா, 140 இடம் சரிவு’ என்று தோன்றும். 2022-ல் போட்டியிட்டவை 45 பெருநகரங்கள் மட்டும். அதில் 42-வது என்றால் கீழே மூன்று நகரங்கள்தான். அந்த மூன்றில் சென்னையும் மதுரையும் அடக்கம். 2023-ல் ஒரு லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள 446 நகரங்களை ஒரே வரிசையில் நிறுத்தினார்கள். அதில் 182-வது என்றால் கோவைக்குக் கீழே 264 நகரங்கள். கேட்பதற்குச் சரிவு. விகிதத்தில் பார்த்தால் முந்தைய ஆண்டைவிட நல்ல இடம்.

2025 ஜூலையில் வெளியான 2024-25 பட்டியலில் மறுபடியும் பெருநகரங்கள் தனி வரிசை. 40 நகரங்களில் கோவைக்கு 28-வது இடம்; தமிழகப் பெருநகரங்களில் முதலிடம். சென்னை 38, மதுரை 40. நல்ல சேதிதான். ஆனால் அந்த ஆண்டு இந்தோர், சூரத் போன்ற தொடர் வெற்றியாளர்களை ‘சூப்பர் ஸ்வச் லீக்’ என்று தனியாகப் பிரித்து வைத்துவிட்டார்கள். அவர்கள் இல்லாத பந்தயத்தில்தான் இந்த 28.

இந்த மூன்று எண்களையும் ஒரு வரைபடமாகப் போட்டு ‘கோவையின் தூய்மை ஏற்ற இறக்கம்’ என்று ஃபார்வர்டு செய்தால் அது தகவலே ஆகாது. ‘எத்தனை பேரில்?’ என்று கேட்காமல் எந்த ரேங்க்கையும் நம்பக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

ஒரு வருத்தமான பக்கமும் உண்டு. 2022 அக்டோபர் முதல் தேதி அந்த 42-வது இடம் அறிவிக்கப்பட்டது. அதே மாதம்தான் கோவையின் தூய்மைப் பணியாளர்கள் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். நகரத்தைச் சுத்தமாக வைத்திருப்பவரின் தினக்கூலி எவ்வளவு என்பது ஒரு நகரம் வாழத் தகுந்ததா என்பதற்கான முக்கியமான கேள்வி. ஆனால் ரேங்க் செய்தியைப் படித்தவர்களில் எத்தனை பேர் அந்தக் கூலிச் செய்தியையும் சேர்த்துப் படித்திருப்பார்கள்?

கோவை என்பது எது வரைக்கும்?

தரவரிசை போடுவதற்கு முன் ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும்: எதை ‘கோவை’ என்று கணக்கிடுகிறீர்கள்?

2011-க்கு முன் கோவை மாநகராட்சி சுமார் 105 சதுர கி.மீ. குறிச்சி, குனியமுத்தூர், கவுண்டம்பாளையம் நகராட்சிகளும் சரவணம்பட்டி, காளப்பட்டி, துடியலூர் போன்ற பகுதிகளும் சேர்ந்ததும் அது 257 சதுர கி.மீ. ஆனது, 100 வார்டுகள் ஆயின. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பழைய எல்லைக்குள் இருந்தவர்கள் சுமார் 10.5 லட்சம். சுற்றியுள்ள ஊர்களையும் சேர்த்த நகரத் தொகுப்பில் 21 லட்சத்துக்கு மேல். இரண்டுமே ‘கோவை’தான். ஒன்று இன்னொன்றைவிட இரண்டு மடங்கு.

இது புள்ளிவிவரப் பிரியர்களின் சண்டை மட்டும் இல்லை என்பது 2025 நவம்பரில் தெரிந்தது. 39 கி.மீ. நீளம், 10,740 கோடி ரூபாய் மதிப்பு என்று தமிழக அரசு அனுப்பிய கோவை மெட்ரோ ரயில் திட்ட அறிக்கையை மத்திய அரசு திருப்பி அனுப்பியது. சொன்ன காரணங்களில் முக்கியமானது: 2017 மெட்ரோ கொள்கைப்படி 20 லட்சம் மக்கள்தொகை வேண்டும், 2011 கணக்கெடுப்பின்படி கோவை மாநகராட்சிப் பகுதியின் மக்கள்தொகை 15.84 லட்சம்தான். பயண தூரம், சாலையின் அகலம் பற்றிய கேள்விகளும் எழுப்பப்பட்டன. நகரத் தொகுப்பாகப் பார்த்தால் அப்போதே 20 லட்சத்தைத் தாண்டிவிட்டதே என்பது தமிழகத்தின் வாதம்.

மெட்ரோ கோவைக்கு வேண்டுமா, பஸ்களை இரட்டிப்பாக்கினால் போதுமா என்பது தனி விவாதம். இங்கே பார்க்க வேண்டியது வேறு. எல்லைக்கோட்டை எங்கே போடுகிறோம், எந்த ஆண்டின் எண்ணை எடுக்கிறோம் என்பது ஒரு நகரத்தின் பதினைந்து ஆண்டு எதிர்காலத்தை மாற்றக்கூடியது. 2011-க்குப் பிறகு நாட்டில் கணக்கெடுப்பே நடக்கவில்லை. ‘ஒரு லட்சம் பேருக்கு இத்தனை’ என்று எந்தப் பட்டியல் கணக்குப் போட்டாலும், அந்த லட்சம் பழைய கணக்கிலிருந்தோ ஊகத்திலிருந்தோதான் வருகிறது. இடைப்பட்ட ஆண்டுகளில் கீரணத்தம், சரவணம்பட்டி பக்கம் எத்தனை ஐ.டி. கட்டடங்கள், எத்தனை பி.ஜி. விடுதிகள் முளைத்தன என்பதைப் பார்த்தவர்களுக்கு அந்த எண்ணின் வயது புரியும்.

சராசரிக்குள் காணாமல் போகிறவர்கள்

‘சிறுவாணித் தண்ணி, மலைக்காத்து, மரியாதையான பேச்சு. நம்ம கோயமுத்தூரு மாதிரி வருமாங்க?’ கோவைக்காரர்கள் பெருமையாகச் சொல்வது இது. பெருமையில் தப்பில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஜூன், ஜூலையில் வீசும் அந்தக் காற்றுக்கு எந்தப் பட்டியலும் மார்க் போடுவதில்லை. ஆனால் மனிதர்கள் இந்த ஊரை விட்டுப் போக மனமில்லாமல் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆனால் சிறுவாணித் தண்ணி எல்லா வீட்டுக்கும் வருகிறதா? நகரத்துக்கு சிறுவாணி, பில்லூர், பவானி, ஆழியாறு எனப் பல ஆதாரங்கள். சில பகுதிகளுக்கு அடிக்கடி வரும், சில பகுதிகளுக்கு வாரம் ஒருமுறை வரும், கோடையில் பத்து நாளையும் தாண்டும். 24 மணி நேரக் குடிநீர் விநியோகத்துக்காக 2018-ல் சூயஸ் நிறுவனத்துடன் 26 ஆண்டு ஒப்பந்தம் போடப்பட்டது. அது பழைய மாநகராட்சியின் 60 வார்டுகளுக்கானது. 2011-ல் வந்து சேர்ந்த புறநகர்ப் பகுதிகள் அந்த ஒப்பந்தத்துக்கு வெளியே.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். ஒரு தெருவில் பத்து வீடு, தினமும் ஆளுக்கு 200 லிட்டர் வருகிறது. அடுத்த பகுதியில் பத்து வீடு, சராசரியாக ஆளுக்கு 40 லிட்டர்தான் வருகிறது. இரண்டையும் சேர்த்தால் சராசரி 120 லிட்டர். பட்டியலில் ‘120’ என்று பார்க்க ஜோராக இருக்கும். ஆனால் அந்த 120 லிட்டரில் வாழ்கிற ஒரு வீடுகூட அந்த இருபது வீட்டில் கிடையாது. நகரச் சராசரி செய்வது இதைத்தான்.

வெள்ளலூரை எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 650 ஏக்கர் குப்பைக் கிடங்கு. நகரத்தின் குப்பை நகரத் தெருவிலிருந்து ஒழுங்காக அள்ளப்பட்டால் தூய்மை மதிப்பெண் கூடும். அள்ளியது போய்ச் சேருவது வெள்ளலூருக்கு. 2024 ஏப்ரலில் அங்கே தீப்பிடித்து நாள்கணக்கில் எரிந்தபோது, சுற்றுவட்டாரத்தில் ஜன்னலைத் திறக்க முடியாமல் புகைக்குள் கிடந்தவர்களும் கோவைக்காரர்கள்தான். ஆர்.எஸ்.புரத்தில் தெருவின் சுத்தமும் வெள்ளலூரின் நாற்றமும் ஒரே அமைப்பின் இரண்டு முனைகள். தரவரிசையில் இரண்டும் கலந்து ஒரே எண்ணாகிவிடுகின்றன.

குளங்களும் அப்படித்தான். 2016 ஜனவரியில் முதல் 20 ஸ்மார்ட் சிட்டிகளில் ஒன்றாகக் கோவை தேர்வானது. உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், குறிச்சிக் குளம் எனக் கரைகள் அழகாகின. நடைபாதை, விளக்கு, செல்ஃபி எடுக்க எழுத்துகள். சாயங்காலம் குடும்பம் குடும்பமாக மக்கள் வருகிறார்கள். பொழுதுபோக இடமில்லாத ஊருக்கு இது உண்மையான நன்மை. அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் குளக்கரைகளில் பல தலைமுறையாகக் குடியிருந்தவர்கள் கீரணத்தம், மலுமிச்சம்பட்டி, வெள்ளலூர் பக்கம் அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு மாற்றப்பட்டார்கள். காகிதத்தில் பார்த்தால் இதுவும் முன்னேற்றம்: குடிசை போய் கான்கிரீட் வீடு, ஆக்கிரமிப்பு போய் பூங்கா. வீட்டுவேலைக்கும் மார்க்கெட் சுமைவேலைக்கும் நடந்து போய்க்கொண்டிருந்தவருக்கு இப்போது இரண்டு பஸ். விடிகாலை நான்கு மணிக்கு உக்கடம் மார்க்கெட்டுக்கு வரவேண்டியவருக்கு அந்த பஸ்ஸும் இல்லை. ‘கூரை உள்ள வீடுகளின் சதவீதம்’ என்ற அளவுகோலில் இவர் ஜெயித்தவர். தினசரிக் கணக்கில்?

எல்லைக்கு வெளியே விழும் பில்

நகரத் தரவரிசைக்கு நகர எல்லையோடு பார்வை முடிந்துவிடும். நொய்யலுக்கு அப்படி முடியாது. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவையின் கழிவுநீரை வாங்கிக்கொண்டு, திருப்பூரைத் தாண்டி, ஈரோடு, கரூர் மாவட்டங்கள் வழியாகக் காவிரிக்குப் போகிறது அது.

பாசனத்துக்காக 1992-ல் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, திருப்பூரின் சாயக்கழிவு தேங்கும் இடமாகிப் போனது கொங்கு மண்டலத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை. கிணற்றுத் தண்ணீர் கெட்டது, நிலம் கெட்டது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொல்லும் அளவுக்குப் போனது. அந்த ஆண்டுகளில் திருப்பூருக்கு ஒரு பொருளாதார ரேங்க் போட்டிருந்தால் ஏற்றுமதிக்காக உச்சத்தில் வந்திருக்கும். அந்த ரேங்க்குக்கான விலையைக் கொடுத்தவர்கள் திருப்பூர் எல்லைக்குள் இல்லை, கீழ்மடையில் இருந்த விவசாயிகள். ஒரு நகரத்தின் வாழ்க்கைத் தரத்தை அளக்கும்போது, அது யாருடைய வாழ்க்கைத் தரத்தைக் கெடுத்து வந்தது என்ற பத்தியும் சேர வேண்டும். எந்தப் பட்டியலிலும் அந்தப் பத்தி இல்லை.

உலகப் பட்டியல்கள் யாருக்காக?

ஆண்டுதோறும் ஜூன் மாதம் வைரலாகும் ‘உலகின் வாழத் தகுந்த நகரங்கள்’ பட்டியல் எக்கனாமிஸ்ட் இன்டலிஜென்ஸ் யூனிட் வெளியிடுவது. 173 நகரங்கள். 2022 முதல் மூன்று ஆண்டு வியன்னா முதலிடம், 2025-ல் கோபன்ஹேகன். கோவை அந்தப் பட்டியலிலேயே கிடையாது.

இந்தப் பட்டியலின் முக்கியமான ஒரு பயன்பாடு தெரிந்தால் ஆச்சரியமாக இருக்கும். பன்னாட்டு நிறுவனங்கள் தங்கள் அதிகாரிகளை வேறு நாட்டுக்கு மாற்றும்போது, அந்த ஊரின் கஷ்டத்துக்கு எவ்வளவு கூடுதல் படி தரலாம் என்று கணக்கிட இது உதவுகிறது. அதனால்தான் வாடகையும் விலைவாசியும் இதில் சேராது. கம்பெனி வீடு கொடுத்துவிடுமே. கம்பெனி வீடு கிடைக்காமல் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கை வாடகைக்குக் கொடுக்கும் ஒருவர் அந்த லிஸ்ட்டைப் பார்த்துப் பெருமூச்சு விடுவது, அடுத்தவர் மருந்துச் சீட்டைப் பார்த்துத் தனக்கு மாத்திரை வாங்குவது மாதிரி.

வியன்னாவில் கற்றுக்கொள்ள வேண்டியது உண்டு. ஆனால் அது ரேங்க்கில் தெரியாது. நகரவாசிகளில் ஏறத்தாழ பாதிப்பேர் நகராட்சி கட்டிய அல்லது அரசு மானியம் பெற்ற வீடுகளில், கட்டுப்படியாகும் வாடகையில் வாழ்கிறார்கள். நூறு ஆண்டுகளாக விடாமல் செய்த வேலை அது.

அப்படின்னா பட்டியலே வேண்டாமா?

வேண்டும். தரவரிசைகளை ஒட்டுமொத்தமாகத் தூக்கிப்போடச் சொல்வதும் சோம்பேறித்தனமான வாதம்தான்.

ரேங்க் என்று ஒன்று வந்த பிறகுதான் பல மாநகராட்சிகள் எத்தனை வீட்டில் குப்பை தரம் பிரிக்கப்படுகிறது என்று எண்ணவே ஆரம்பித்தன. எண்ணப்படாத விஷயத்துக்கு நிதி ஒதுக்கீடு கேட்க முடியாது. 46-வது இடம் என்ற தலைப்பைப் பார்த்துக் கூச்சப்பட்டு ஒரு கவுன்சிலர் கேள்வி கேட்டால், அந்த அளவில் பட்டியல் வேலை செய்திருக்கிறது. மக்களின் கருத்துக்கு 30 சதவீதம் கொடுத்ததும் சரியான திசையில் ஒரு அடிதான்.

மாற்ற வேண்டியது மூன்று விஷயம். முதலில், கேள்வித்தாளை அடிக்கடி மாற்றக் கூடாது. குறைந்தது ஐந்து ஆண்டு அதே அளவுகோல், அதே வரிசை இருந்தால்தான் ஏறினோமா இறங்கினோமா என்று சொல்ல முடியும். இரண்டாவது, நகரத்துக்கு ஒரு எண் போதாது; 100 வார்டுக்கும் 100 எண் வேண்டும். தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை, பாதாளச் சாக்கடை இணைப்பு எத்தனை வீட்டுக்கு, பஸ் எத்தனை நிமிடத்துக்கு ஒன்று என்று வார்டு வாரியாக வெளியிட்டால், கோவைக்கும் சூரத்துக்கும் உள்ள வித்தியாசத்தைவிட கோவைக்குள்ளேயே இருக்கும் வித்தியாசம் பெரிதாகத் தெரியும். நகரத்தின் மதிப்பெண்ணில் மிகவும் பின்தங்கிய பத்து வார்டுகளின் நிலைக்குத் தனி எடை கொடுக்க வேண்டும். மூன்றாவது, கருத்துக் கணிப்பு செயலியில் பதில் சொல்ல நேரமும் போனும் இருப்பவரோடு நின்றுவிடக் கூடாது. பீளமேட்டு அபார்ட்மென்ட்வாசியைக் கேட்பது போலவே, ஃபவுண்டரி ஷெட்டில் தங்கியிருக்கும் பீகார் தொழிலாளியையும் அவர் மொழியில் கேட்க வேண்டும்.

2027-ல் கணக்கெடுப்பு நடக்கப்போகிறது. 16 ஆண்டுக்குப் பிறகு கிடைக்கப்போகும் புதிய எண்கள், வார்டு அளவில் இந்தக் கணக்கைத் தொடங்க நல்ல வாய்ப்பு. மாநகராட்சி கையில் தண்ணீர் விநியோக விவரமும் குப்பை வண்டி விவரமும் ஏற்கெனவே இருக்கின்றன. வேண்டியது அவற்றை வெளியிடும் மனசு மட்டும்.

வீடு பார்க்கும் முன் கேட்க வேண்டியவை

வேலை மாறி கோவைக்கு வர நினைப்பவர், அல்லது சொந்த ஊருக்கே திரும்ப யோசிப்பவர், ஏழாவது இடமா இருபத்தெட்டாவது இடமா என்று கூகுளில் தேடுவதைவிட, பார்க்கப் போகும் தெருவில் இதைக் கேட்கலாம்:

நல்ல தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது? கோடையில் லாரித் தண்ணீருக்கு மாதம் எவ்வளவு செலவாகிறது?

பாதாளச் சாக்கடை இணைப்பு இருக்கிறதா, செப்டிக் டேங்க்தானா?

ஒரு மணி நேரம் மழை பெய்தால் வழியில் இருக்கும் சுரங்கப்பாதை என்ன ஆகிறது? லங்கா கார்னர், கிக்கானி பள்ளி பக்கம் அடிக்கடி போகிறவர்களுக்கு இந்தக் கேள்வியின் அருமை தெரியும்.

கடைசி பஸ் எத்தனை மணிக்கு? இரவு ஷிப்ட் முடிந்து வரும் பெண் பஸ் ஸ்டாப்பிலிருந்து வீடு வரை நடக்கும் வழியில் தெருவிளக்கு எரிகிறதா?

ஆபீஸுக்குக் காலை ஒன்பது மணிக்கு எத்தனை நிமிடம்? ஞாயிற்றுக்கிழமை பார்த்த கணக்கு செல்லாது. 2025 அக்டோபரில் திறக்கப்பட்ட 10 கி.மீ. அவினாசி சாலை மேம்பாலம் சிலருக்கு நேரத்தை மிச்சமாக்கியது. அதற்குக் கீழே சாலையைக் குறுக்கே கடக்க வேண்டியவரின் நேரம் மிச்சமானதா என்று தனியாகக் கேட்க வேண்டும்.

பதில் சொல்லப்போவது பக்கத்து வீட்டு அக்காவும் முக்குக் கடை அண்ணாச்சியும். அவர்களுடைய ‘சர்வே’க்கு எந்த அமைச்சகமும் சான்றிதழ் தராது. ஆனால் அந்தத் தெருவில் குடியேறப் போகிறவருக்கு அதுதான் சரியான ரேங்க் லிஸ்ட். நகர நிர்வாகம் செய்ய வேண்டியதும் அதே கேள்விகளை நூறு வார்டிலும் கேட்டு, வந்த பதிலை ஒளிக்காமல் வெளியிடுவதுதான். அதைச் செய்யும் வரை, கோவை ஏழாவது இடமா நாற்பத்தாறாவது இடமா என்பது மாநகராட்சி அலுவலகச் சுவரில் மாட்டும் சட்டத்துக்குப் பயன்படும். பத்து நாளாகக் குழாயில் தண்ணீர் வராத வீட்டுக்கு அதனால் ஒரு குடம்கூட நிறையாது.